அக்கா போட்ட கணக்கு

டீக்கடை அக்கா புதுக் கரண்ட் அடுப்பு வாங்கினார். அதன் பெரிய பிளக் சுவரில் இருந்த சின்ன பிளக்பாயிண்டில் நுழையவில்லை. இடையில் மாற்றுப் பிளக் வைக்கப் போனார்.

“பொறுங்க அக்கா! அடுப்பின் அடியில் என்ன எழுதியிருக்கு? படிங்க” என்றார் வயர்மேன் தம்பி.

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். “2000 வாட்.”

“நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் தெரியும்.”

அக்கா கணக்குப் போட்டார்.

2000 ÷ 230 = சுமார் 8.7 ஆம்பியர்.

“சின்ன பிளக்பாயிண்ட் 6 ஆம்பியர்தான் தாங்கும். மீறினால் ஒயர் சூடாகும். தீப்பிடிக்கலாம்.”

அக்கா திடுக்கிட்டார். தம்பி 16 ஆம்பியர் பிளக்பாயிண்டும் தடித்த ஒயரும் பொருத்தினார்.

நினைவில் வையுங்கள்:
வோல்ட் × ஆம்பியர் = வாட்
வோல்ட் ÷ ஆம்பியர் = மின்தடை (ஓம்)

உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி எத்தனை வாட்? படித்துக் கணக்குப் போடுங்கள்.