ஆற்று மணலில் அகப்பட்ட நகை: தங்கமா, கவரிங்கா?

கள்ளக்குறிச்சிக்குக் கடல் இல்லை. கடற்கரை மணலை மிதிக்க வேண்டுமென்றால் மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் வரை போக வேண்டும். நகையைத் தொலைக்க மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, தென்பெண்ணை ஆறே போதும். தை 5 ஆற்றுத் திருவிழாவன்று மணலூர்பேட்டையில் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது கரை கொள்ளாத கூட்டம். முழுகி எழுந்தவர்களின் தோட்டுத் திருகாணி, மெட்டி, பிள்ளையின் ஒற்றைக் கொலுசு எல்லாம் மணலோடு போய்விடும். பிறகு ஒரு வெள்ளம் வந்து அடியில் கிடந்ததை மேலே புரட்டிப் போடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குச் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.6 லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் வந்ததே, அப்படி. கடலுக்கும் இதே குணம்தான். 2020 நவம்பரில் நிவர் புயலுக்குப் பிறகு ஆந்திராவின் உப்பாடா கடற்கரையில் தங்க மணிகள் ஒதுங்க, ஊர்க்காரர்கள் மணலைச் சலிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

இரவல் வாங்கிய மெட்டல் டிடெக்டரோடு நான் ஆற்றில் இறங்கிய முதல் நாள் கிடைத்தவை: பாட்டில் மூடி ஒன்பது, காலி மாத்திரை அட்டை நான்கு, மஞ்சளாய் ஒரு மோதிரம். மாத்திரை அட்டைக்கும் மெல்லிய தங்க மோதிரத்துக்கும் கருவி ஏறக்குறைய ஒரே ஓசைதான் போடும். ஆகவே ஓசையைக் கேட்டுக் கனவு காணக் கூடாது. மெல்லிய சங்கிலி என்றால் பல நேரம் ஓசையே வராது. கருவி ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகப் பார்ப்பதால், சின்னக் கண்ணி அதன் கண்ணில் படுவதில்லை. சல்லடைதான் அதற்குத் துணை.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை என்று ஊர் இருக்கிறதே, அங்கே கருவியைக் கொண்டு போகலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வெள்ளி பெயரில்தான். பெரியார், மேகம் அருவிகளில் குளிக்க வருபவர்கள் தவறவிட்டது ஏதாவது இருக்கலாம், ஆனால் அது காடு. வனத்துறையிடம் கேட்காமல் அங்கே மண்ணைக் கிளறாதீர்கள்.

இனி, பொருள் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தேய்க்காமல் இருங்கள். மணல் ஒட்டிய நகையை வேட்டி நுனியால் அழுத்தித் துடைப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்றுதான். விபூதி, பல்பொடி, புளி எதுவும் இப்போது வேண்டாம். அவை அழுக்கோடு முத்திரையையும் சேர்த்துத் தேய்த்துவிடும். வெறும் நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். கடலில் கிடைத்ததென்றால் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி உப்பை இறக்குங்கள். பிறகு பூந்திக்கொட்டை ஊறிய நீரும் குழந்தைகளின் பல்துலக்கியும் போதும். சுடுதண்ணீர் கூடவே கூடாது. பழைய அட்டிகை ஒன்றை நான் கொதிநீரில் போட்டு, உள்ளே இருந்த அரக்கு இளகிக் கற்கள் ஒவ்வொன்றாகப் பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

அழுக்கு போனதும் நிறத்தைப் பாருங்கள். 22 காரட் தங்கம் பல வருடம் மண்ணில் கிடந்தாலும் நேற்றுக் கழற்றியதுபோல் மஞ்சளாகவே வரும். 18, 14 காரட்டில் செம்போ வெள்ளியோ அதிகம் என்பதால் லேசாகக் கறுக்கலாம். வெள்ளி கறுத்துப்போகும், கடல் மணலில் சீக்கிரமே கறுக்கும். பச்சை பூத்திருந்தால் செம்பு அல்லது பித்தளை. கவரிங்கைக் கண்டுபிடிக்க உராயும் இடங்களைப் பார்க்க வேண்டும்: கொக்கியின் வளைவு, மோதிரத்தின் உட்பக்கம், சங்கிலிக் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடம். அங்கே பூச்சு தேய்ந்து வேறு நிறம் எட்டிப்பார்க்கும். சிதம்பரம் கவரிங் நேர்மையான தொழில். அதைத் தங்கமென்று நாம் நினைத்துக்கொள்வதற்கு அந்தத் தொழிலாளி பொறுப்பில்லை.

அடுத்தது முத்திரை. இதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கினாலும் தெரியும். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 750 என்பது 18 காரட், 585 என்பது 14. வெள்ளியில் 925, பிளாட்டினத்தில் 950 வழக்கம். ‘1 கிராம் கோல்டு’, ‘ஜி.பி.’ என்றிருந்தால் பூச்சு வேலை. ஆனால் 916 என்ற எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள், மூன்று இலக்கத்தைப் பித்தளையிலும் அடிக்கலாம். பக்கத்தில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முக்கோணம் இருக்கிறதா, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாளக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூலையில் வந்தது இந்தக் குறியீடு. 2023 ஏப்ரல் 1 முதல் கடைக்காரர்கள் இது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. அதற்கு முந்தைய நகையில் கடையின் அடையாளமும் சோதனை மையத்தின் அடையாளமும் தனித்தனியாக இருக்கும்.

பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த ஆறு எழுத்தைப் போட்டால் நகை மோதிரமா வளையலா, எந்தக் கடைக்காரர் பெயரில் பதிவானது, எந்த மையத்தில் எப்போது முத்திரை பெற்றது என்பது வரும். திரையில் மோதிரம் என்று வந்து உங்கள் கையில் இருப்பது கம்மல் என்றால் முத்திரை போலி. சரியாக வந்தால் அந்தக் கடைப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைத்தவரைத் தேட இதைவிட நல்ல நூல்முனை கிடைக்காது. நகை தங்கமா என்று பார்க்கிறோம் என்றுதான் நினைக்கிறோம். பாதி நேரம் யாருடையது என்பதற்கும் அதே இடத்தில்தான் பதில் இருக்கிறது.

முத்திரை இல்லை என்பதாலேயே தூக்கி எறியவும் வேண்டாம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி, தாலிக் குண்டு, திருகாணி, அதாவது மணலில் அதிகம் கிடைக்கும் அதே பொருள்கள், பெரும்பாலும் மொட்டையாகத்தான் இருக்கும்.

காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், ஆனால் பாதிதான் நம்புங்கள். ஒட்டினால் இரும்பு இருக்கிறது. ஒட்டாவிட்டால் தங்கம் என்று அர்த்தமில்லை, பித்தளையும் செம்பும் ஒட்டாது. அசல் தங்கச் சங்கிலியிலும் கொக்கிக்குள் இருக்கும் எஃகுச் சுருள் மட்டும் காந்தத்துக்கு இழுபடலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை தண்ணீர்தான். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். நகையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதி தண்ணீர் நிரப்பிய டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நகையை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக இறக்குங்கள், அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது. ஒட்டிய காற்றுக்குமிழியை மெல்லத் தட்டி விடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் முதலில் எடுத்த எடையை வகுங்கள். ஒரு பவுன், 8 கிராம் மோதிரம் தண்ணீரில் 0.45 காட்டினால் விடை 17.8. அது 22 காரட்டுக்குப் பொருந்தும். 18 காரட் 15, 16 என்று நிற்கும். வெள்ளி 10.5க்குச் சற்றுக் கீழே, செம்பு 9க்குப் பக்கம், பித்தளை எட்டரையை ஒட்டி. என் மஞ்சள் மோதிரம் 6.20 கிராம், தண்ணீரில் 0.73. வகுத்தேன், 8.5. அன்று இரவு வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இந்தக் கணக்கு தோற்கும் இடங்களும் உண்டு. கல் பதித்தது, அரக்கு நிரப்பியது, உள்ளே பொள்ளலானது, முத்துக் கொலுசு, இவற்றில் எண் குறைந்தே வரும். அரை கிராம் மூக்குத்தியை இந்தத் தராசில் அளந்து பயனில்லை, ஒரு புள்ளி பிசகினாலே விடை எங்கோ போய்விடும். அரக்குத் தொல்லை புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த நகைகளின் கல்வெட்டுக் கணக்கில், ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்ததையும், எடையில் அரக்கு சேர்ந்திருப்பதையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் பத்தரிடம் போங்கள். அவர் உரைகல்லில் நகையை ஒரு இழுப்பு இழுத்து, பக்கத்தில் மாற்றுத் தெரிந்த தங்கத்தையும் ஒரு இழுப்பு இழுப்பார். இரண்டு கோட்டின் மேலும் ஒரு சொட்டு அமிலம். பித்தளைக் கோடு நுரைத்துக் கரைந்துவிடும், மட்டத் தங்கம் மங்கும், 22 காரட் அப்படியே நிற்கும். பூச்சு நகையென்று சந்தேகம் வந்தால் தெரியாத மூலையில் சிறிது அராவிவிட்டு உரசுவார். அமிலம் வாங்கி வீட்டில் நீங்களே செய்து பார்க்க நினைக்காதீர்கள். பெரிய கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறது. அது நகையைச் சிதைக்காமல் சதவீதத்தைத் தாளில் தரும், ஆனால் மேல்பரப்பைத்தான் படிக்கும். தடித்த பூச்சு அதையும் ஏமாற்றும். ஆகவே தண்ணீர்க் கணக்கையும் கையோடு கொண்டு போங்கள்.

பச்சை படிந்த பழங்காசு கிடைத்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணை மணலில் சங்க கால மலையமான்களின் செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பச்சையைச் சுரண்டினால் எழுத்தும் போய்விடும். மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் வழி காட்டுவார். கபிலர் குன்று போன்ற பழைமையான சின்னங்களின் அருகே கருவியைக் கொண்டே போகாதீர்கள்.

அண்மையில் யாரோ தவறவிட்ட நகை வேறு கணக்கு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவுப்படி, கண்டெடுத்தவர் அதை உரியவருக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவர், அவ்வளவே. தேட முயலாமல் விற்றால் பாரதிய நியாய சன்ஹிதா 314ஆம் பிரிவு காத்திருக்கிறது. காவல் நிலையத்தில் மனுவோடு ஒப்படைத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். மனுவில் சோதிக்காமல் ‘தங்க மோதிரம்’ என்று எழுதாதீர்கள். ‘மஞ்சள் நிற உலோக மோதிரம், இத்தனை கிராம், இன்ன தேதி, இன்ன துறை’ என்று எழுதி, ஒப்படைக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்கும்போது படத்தைப் போடாதீர்கள். உட்புறம் பொறித்த எழுத்தையோ கல்லின் நிறத்தையோ சொல்லாமல் வைத்திருங்கள். கேட்டு வருபவர் அதைச் சொல்லட்டும்.