கண் எவ்வளவு பெரிதாகலாம்?

கேள்வி: குழந்தைகளுக்கான கேலிச்சித்திர டைனோசருக்குப் பெரிய கண் வரைவது அறிவியலுக்கு முரணா? (வாசகர், மெல்பன்)

பதில்: பெரும்பாலான டைனோசர்களுக்கு அது மிகையே, ஆயினும் விக்டோரியாவின் ஒட்வே கடற்கரையிலுள்ள டைனோசர் கோவ் என்னுமிடத்தில் கிடைத்து, டாம் ரிச், பட்ரீசியா விக்கர்ஸ்-ரிச் இணையர் 1989இல் தம் மகளின் பெயரைச் சூட்டிய லியெலினாசோரா என்னும் சிறு தாவர உண்ணிக்கு அந்த மிகை ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. அதன் கண்குழியும், மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வை மடலும் பெரிதாயிருந்ததைக் கண்ட அவ்விருவரும், அன்று தென்துருவத்தை ஒட்டிக் கிடந்த அந்நிலத்தின் நீண்ட குளிர்கால இருளுக்கேற்ற தகவமைப்பு, அதாவது சூழலுக்கு இசைந்த உடல்மாற்றம், எனக் கருதினர். அம்மண்டையோடு இளம் விலங்கினுடையது, குட்டிகளுக்குக் கண் இயல்பாகவே பெரிது என்று மறுப்போரும் உண்டு. குழந்தைகளுக்கு வரைபவருக்கோ இரு தரப்பும் சாதகமே.

வாலில்தான் கவனம் வேண்டும்: தரையில் இழுபடும் வால் பழைய நூல்களின் எச்சமாகும், இடுப்பின்மேல் உடலைச் சமன்செய்யும் உறுப்பாதலால் அதைத் தரைக்கு இணையாக நீட்டுவதே சரி. நிறத்தில் தடையில்லை, பாறையில் பதிந்து எஞ்சும் புதைபடிவங்களில் தோலின் நிறம் அரிதாகவே தங்குவதால், சிட்னியில் 1991இல் தோன்றிய விகிள்ஸ் என்னும் குழந்தைகள் இசைக்குழுவின் டைனோசர் பாத்திரமான டோரதிக்குரிய பச்சை உடலையும் மஞ்சள் புள்ளிகளையும் எளிதில் மறுத்துவிட இயலாது, அவள் தொப்பியைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை.