சான்றிதழ் பிழை வந்தா முதல்ல தேதியைப் பாருங்க!

லீவு விட்டாச்சுன்னா கொங்கு பக்கத்துப் பசங்க பலர் போன்ல ஓட்டுறது 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. விளையாட்டு வெளிநாட்டோடது; ஓடுற பஸ் நம்ம ஊரோடது. உக்கடம் – பொள்ளாச்சி ரூட்ல போற தனியார் பஸ்ஸோட பெயின்ட்டைக்கூட அதுல கொண்டு வந்துடலாம். இப்படி விளையாட்டை நம்ம விருப்பத்துக்கு மாத்துறதுக்குப் பேர்தான் 'மாட்'.

அந்த மாட் தேடி ஒரு இணையதளத்தைத் திறக்கும்போது, 'இணைப்பு பாதுகாப்பானதல்ல'ங்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை வரும். அவசரத்துல 'அட்வான்ஸ்டு'னு தட்டி உள்ளே போயிடாதீங்க. அதே போன்லதான் உங்க வங்கிச் செயலியும், ஓடிபி வர்ற எண்ணும் இருக்கு.

பாதுகாப்புச் சான்றிதழ்ங்கிறது ஒரு இணையதளத்தோட அடையாள அட்டை. அதுல போன் மூணு விஷயத்தைப் பார்க்கும்: காலாவதி ஆயிடுச்சா, பெயர் பொருந்துதா, கொடுத்தவர் நம்பகமானவரா? எச்சரிக்கைக்குக் கீழே ஆங்கிலத்தில் இருக்கும் பிழைக் குறிப்பைப் படித்தாலே காரணம் புரிந்துவிடும்.

1. 'டேட் இன்வேலிட்': முதலில் உங்கள் போனின் தேதி, நேரத்தைப் பாருங்கள். 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். தேதி சரியாக இருந்தும் பிழை வந்தால், தளத்தின் சான்றிதழ்தான் காலாவதி. அதை அவர்கள்தான் புதுப்பிக்க வேண்டும்.

2. 'காமன் நேம் இன்வேலிட்': அட்டையில் வேறு முகவரி இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லாமல் முகவரியை மறுபடி டைப் செய்யுங்கள். பொது வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள்.

3. 'அத்தாரிட்டி இன்வேலிட்': அட்டை கொடுத்தவரை போனுக்குத் தெரியவில்லை. பழைய போன் என்றால் அப்டேட் செய்யுங்கள். பல தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தரும் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானபோது, அப்டேட் ஆகாத பல பழைய சாதனங்களில் நல்ல தளங்கள்கூடத் திறக்கவில்லை. போன் புதுசாக இருந்தும் இந்தப் பிழை வந்தால், அந்தத் தளத்தை விட்டுவிடுவதே நல்லது.

சில தளங்கள் இதற்கு ஒரு 'வழி' சொல்லும்: "இந்தச் சான்றிதழை உங்க போன்ல இன்ஸ்டால் பண்ணுங்க" அல்லது "பிளே புரொடெக்ட்டை ஆஃப் பண்ணுங்க". இரண்டையும் செய்யாதீர்கள். முகம் தெரியாத ஒருவரின் சான்றிதழை ஏற்றினால், அவர் போலித் தளத்துக்குக் கொடுக்கும் அட்டையையும் உங்கள் பிரவுசர் நிஜம் என்று நம்பிவிடும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? 2014 ஜூலையில், என்ஐசி எனப்படும் தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ் அமைப்பிலிருந்து, கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானது தெரியவந்தது. உடனே என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன. அரசு அமைப்புக்கே இவ்வளவு கண்டிப்பு என்றால், பெயரே தெரியாத ஒருவரை எப்படி நம்புவது?

ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களா? செட்டிங்ஸில் 'டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்' என்று தேடி, 'யூசர்' பகுதியைப் பாருங்கள். அலுவலகமோ கல்லூரியோ வைத்ததாக இல்லாவிட்டால் நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று: எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக ஃபைல் நல்லது என்று அர்த்தமில்லை. சான்றிதழ் முகவரிக்குத்தான் உத்தரவாதம், உள்ளே இருக்கும் ஃபைலுக்கு இல்லை. பஸ் பெயின்ட், அதாவது லிவரி, வெறும் படம்தான். அதற்குப் போய் ஒரு ஏபிகே இன்ஸ்டால் பண்ணச் சொன்னால், அங்கேயே உஷாராகிடுங்க.

மின் கட்டணம் கட்டும்போதும், பட்டா பார்க்கும்போதும் இதே எச்சரிக்கை வரலாம்; அப்போதும் இதே மூன்று சோதனைதான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். பசங்களைத் திட்டுறது அப்புறம் பார்த்துக்கலாங்க!