நாட்பட்ட அழற்சியும் குருதிப் புற்றுநோயும்

க.பொ.த. (சாதாரண தரம்) மாணவர்க்கான மேலதிக வாசிப்பு

மாணவர்களே! சைக்கிளில் விழுந்து முழங்கால் உரசுப்பட்டால் மறுநாள் அவ்விடம் சிவந்து, சூடாகி, வீங்கி, நோகும். இதுவே அழற்சி. இதனைப் படிப்பித்தபோது, "சேர், அப்ப காயம் வந்தால் கான்சர் வருமோ?" என வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. அவ்வினாவிற்கான விடையே இப்பாடம்.

1. அழற்சி

கிருமி புகும்போது அல்லது இழையம் சேதமடையும்போது உடல் காட்டும் பாதுகாப்புத் துலங்கல் அழற்சி எனப்படும். இது இருவகைப்படும்.

(அ) குறுங்கால அழற்சி – வெண்குழியங்கள் கூடிக் கிருமிகளை அழிக்கும். சில நாட்களில் தணியும். நன்மையானது.

(ஆ) நாட்பட்ட அழற்சி – காரணி நீங்காமையால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கும். தீமையானது.

2. குருதிப் புற்றுநோய்

குருதிக் கலங்கள் என்பு மச்சையில் உருவாகின்றன. ஒரு கலத்தின் டீ.என்.ஏ. இல் விகாரங்கள் சேர்ந்து, அது கட்டுப்பாடின்றிப் பெருகுவதே குருதிப் புற்றுநோய். லூக்கீமியா, லிம்போமா, மயலோமா என்பன இதன் பிரதான வகைகள்.

3. இரண்டிற்கும் உள்ள தொடர்பு

(i) வெண்குழியங்கள் கிருமியைக் கொல்ல வெளியிடும் தாக்குதிறன் மிக்க பதார்த்தங்கள் அயற்கலங்களின் டீ.என்.ஏ. ஐயும் தாக்கும்.

(ii) நிணநீர்க்குழியங்கள் ஓய்வின்றிப் பிரிகையடைகின்றன. பிரிகை கூடக்கூட விகாரம் ஏற்படும் வாய்ப்பும் கூடும்.

(iii) அழற்சியின்போது சுரக்கும் சைற்றோகைன்கள், இறக்கவேண்டிய பழுதடைந்த கலங்களையும் வாழவைக்கலாம்.

மறுபுறம், புற்றுக்கலங்களும் சைற்றோகைன்களைச் சுரந்து அழற்சியை வளர்க்கும். எனவே இது ஒரு நச்சு வட்டம் எனலாம்.

4. சான்று: இரைப்பையில் ஒரு பற்றீரியா

'ஹெலிக்கோபக்ரர் பைலோரி' என்ற பற்றீரியா இரைப்பையில் பல வருடங்கள் தங்கி அழற்சியை ஏற்படுத்தவல்லது. அவுஸ்திரேலியரான பரி மார்சல் 1984 இல் இக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, இதனைக் காட்டினார். அவரும் றொபின் வொறனும் 2005 இல் நோபல் பரிசு பெற்றனர்.

சாதாரண இரைப்பையில் நிணநீர் இழையம் இல்லை. இக்கிருமி தங்கினாலே நிணநீர்க்குழியங்கள் அங்கு குவிகின்றன. அவற்றிலிருந்து சிலரில் ஒருவகை லிம்போமா தோன்றும். 1993 இல் வெளியான ஆய்வொன்றில், இந்நோயுள்ள 6 பேருக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்துக் கிருமி ஒழிக்கப்பட்டது. 5 பேரில் லிம்போமா மறைந்தது! அழற்சியின் காரணி நீங்கப் புற்றும் பின்வாங்கியது என்பதே இதன் முக்கியத்துவம்.

5. நினைவிற் கொள்க

• ஆறிப்போகும் காயத்தால் குருதிப் புற்றுநோய் வராது.
• நாட்பட்ட அழற்சி ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்று மட்டுமே. அழற்சியுள்ள பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் வருவதில்லை.
• எல்லாக் குருதிப் புற்றுநோய்களையும் நுண்ணுயிர்கொல்லியால் மாற்ற முடியாது.
• குருதிப் புற்றுநோய் தொற்றுநோயன்று. நோயாளியின் அருகிலிருப்பதால், சேர்ந்து உண்பதால் பரவாது.

6. எமது கடமை

விட்டுவிட்டு நீடிக்கும் காய்ச்சல், உடல் வெளிறல், முரசில் இரத்தக்கசிவு, கழுத்திலோ கமக்கட்டிலோ நோவற்ற கட்டி என்பன பெரும்பாலும் வேறு காரணங்களால் ஏற்படுவன. எனினும் பனடோலுடன் நாளைக் கடத்தாது வைத்தியரிடம் காட்டவேண்டும்.

முன்னர் எம்மவர் பலர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகமைக்குச் செல்ல நேர்ந்தது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியின் உதவியுடன் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. வைத்தியசாலை அருகில் வந்துவிட்டது. பயத்தால் பிந்திச் செல்வதே இனி நாம் வெல்லவேண்டிய தடை.

மாதிரி வினாக்கள்

1. குறுங்கால, நாட்பட்ட அழற்சிகளுக்கிடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
2. நாட்பட்ட அழற்சி விகாரங்களுக்கு வழிவகுக்கும் இரு விதங்களை விளக்குக.
3. "அழற்சியுள்ள அனைவருக்கும் புற்றுநோய் வரும்." இக்கூற்று சரியா? காரணம் தருக.

குறிப்பு: வினா 3 இற்கு "பிழை" என்று மட்டும் எழுதினால் முழுப்புள்ளி கிடையாது. 'ஆபத்துக் காரணி' என்ற சொல்லைப் பயன்படுத்தி விளக்குக.