வண்டி வரும் வரை



'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்பது, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்பட்ட விதியாகும். அவ்விதியைப் பின்பற்றி, எம் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றைக் கொண்டே இப்பாடத்தைத் தொடங்குகின்றோம்.

நெடுங்காட்டில் எம்முடன் வாழும் மகன், 2021 அக்டோபரில் புதுக் கார் ஒன்றிற்கு முன்பணம் செலுத்தினான். பொங்கலுக்குள் வண்டி வந்துவிடும் என்றனர். தை பிறந்தது, வண்டி வரவில்லை. பங்குனியும் கழிந்தது. கேட்கும்போதெல்லாம், "உதிரி பாகம் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது" என்னும் ஒரே விடைதான் கிடைத்தது.

அந்நாளில், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் எம் தமக்கையார் நோயுற்றிருந்தார். காரைக்கால், புதுச்சேரி, திண்டிவனம் என நான்கு பேருந்துகள் மாறிச் செல்லவேண்டிய வழி அது. "வண்டி வரட்டும் அக்கா, பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வருகிறோம்" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தோம். அவரும், "மெதுவாக வாருங்கள்" என்பார். 2022 மே மாதம் அவர் காலமானார். செய்தி கேட்டவுடன் வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு விரைந்தோம். அந்த வாடகைக் கார் தை மாதத்திலும் கிடைத்திருக்கும். புதிய வண்டி ஆகஸ்டில் வாயிலில் வந்து நின்றது.

தாமதம் பிறக்கும் இடங்கள்

ஒரு காரியத்திற்குக் காரணங்கள் பல என்பது நமது தத்துவம் அறிந்ததே. காரின் தாமதமும் அத்தகையதே. இக்காலத்துக் காரில் எஞ்சினையும் பிரேக்கையும் காற்றுப்பையையும் இயக்குவதற்குச் சிறு மின்னணுச் சில்லுகள் பல வேண்டும். 2020இல் பெருந்தொற்று பரவியபோது, விற்பனை குறையும் எனக் கருதிய கார் நிறுவனங்கள் சில்லுகளுக்கான ஆணைகளைக் குறைத்துக்கொண்டன. சில்லு ஆலைகள் கணினிக்கும் கைப்பேசிக்கும் தம் உற்பத்தியைத் திருப்பின. மக்கள் மீண்டும் கார் கேட்டபோது சில்லு கிடைக்கவில்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரால் ஆலைகள் நின்றன. மார்ச் 19ஆம் நாள் ஜப்பானில் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பற்றியது. இவற்றின் விளைவு நம் நாட்டையும் எட்டியது. 2021 செப்டம்பரில் தனது உற்பத்தி வழக்கத்தில் சுமார் 40 விழுக்காடாகவே இருக்கும் என மாருதி சுசூகி முன்னரே அறிவிக்க நேர்ந்தது.

கடல்வழியின் இடர்கள் வேறு. 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' என்னும் கப்பல் சூயசு கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாட்கள் வழியை அடைத்தது. 2022 பிப்ரவரியில் சுமார் 4,000 கார்களுடன் சென்ற 'பெலிசிட்டி ஏஸ்' கப்பல் அட்லாண்டிக் கடலில் தீப்பற்றி, மார்ச் 1 அன்று மூழ்கிற்று. மாலுமிகள் 22 பேரும் காப்பாற்றப்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஷாங்காய் நகரம் ஊரடங்கில் இருந்தமையால் சரக்குகள் தேங்கின. 2023 நவம்பர் 19 அன்று, குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்தை நோக்கி வந்த 'கேலக்ஸி லீடர்' என்னும் கார் ஏற்றும் கப்பல் செங்கடலில் கைப்பற்றப்பட்டது. அதன்பின் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லலாயின. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டது.

இவ்வளவும் அறியாத எம் மகன், விற்பனை நிலையத்தில் அமர்ந்திருந்த இளம்பெண்ணிடம் ஒருநாள் கடுஞ்சொல் கூறிவிட்டான். அவர் கண் கலங்கினாராம். தீயும் பனியும் அவர் ஏவலில் இல்லை. காரணத்தை அறியாத இடத்தில் குரோதம் எளிதில் நுழைந்துவிடுகிறது.

காத்திருப்போர் செய்யத்தக்கன

பொறுமை என்பது கேள்வி கேளாதிருத்தல் ஆகாது. முன்பணம் செலுத்துமுன் வண்டி தரும் நாளை எழுத்தில் பெறுக. விலை ஏறினால் எந்த நாளின் விலை பொருந்தும், பதிவை நீக்கினால் எவ்வளவு பிடித்தம் என்பனவற்றையும் கேட்டு எழுதி வாங்குக. வண்டி ஒதுக்கப்பட்டது உறுதியாகும் வரை வங்கிக் கடன் தொகையை விடுவிக்கச் சொல்லாதிருத்தல் நன்று. வட்டி வீணே ஏறாது. பழைய வண்டியை முந்தி விற்றுவிட வேண்டா. வாக்கு மீறப்பட்டு முறையான விடை கிடைக்காவிடில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

இல்லாத வண்டியின் மேல் பற்று

நம் மூத்த தலைமுறையினர் பியட் காருக்கும் பஜாஜ் ஸ்கூட்டருக்கும் பல ஆண்டுகள் பதிவு செய்து காத்திருந்தவர்கள். எனினும் அவர்கள் பேருந்திலும் மாட்டுவண்டியிலும் உறவினர் இல்லம் சென்றார்கள், நோயாளியைக் கண்டார்கள், ஜினாலயம் தொழுதார்கள். பதிவுச்சீட்டு பெட்டியில் இருந்தது, வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம், பொருளின்மேல் கொள்ளும் பற்றையே பரிக்கிரகம் என விளக்குகிறது. இதனைப் பலமுறை படித்தும் பிறர்க்குச் சொல்லியும் இருக்கின்றோம். ஆயினும், கைக்கு வாராத பொருளின்மேலும் பரிக்கிரகம் உண்டு என்பதை அந்தப் பத்து மாதங்களில்தான் உணர்ந்தோம். எம் வாயிலில் வண்டி இல்லை; எம் நெஞ்சில் அது நின்றது. புது வண்டியில் சென்று இறங்கவேண்டும் என்னும் சிறு மானமும் உடன் இருந்தது என்பதை இந்த வயதில் மறைப்பானேன்? கப்பல் தாமதித்தது உண்மை. தமக்கையாரைக் காணாது தாமதித்தவர்கள் யாமே. அந்தத் தாமதத்தைக் கப்பலின்மேல் ஏற்றிவிடல் பொய்யாகும்.

ஆகவே, வண்டிக்குப் பதிவு செய்துள்ள குடும்பத்தினர் ஒரு சிறு நியமம் ஏற்குமாறு வேண்டுகின்றோம். 'வண்டி வந்தபின்' என ஒத்திவைத்த கடமைகளை ஒரு தாளில் எழுதுக. அவற்றுள் நோயுற்றோரைக் காண்பதும் முதியோரைப் பார்ப்பதும் இருப்பின், அவற்றை இவ்வாரமே பேருந்திலோ வாடகை வண்டியிலோ சென்று முடித்துவிடுக. எஞ்சியவை காத்திருக்கலாம்.

இல்லத்தில் பிள்ளைகளுடன் உரையாட

1. ஒரு கார் நம் வாயிலுக்கு வருவதற்குள் எத்தனை நாடுகளின் உழைப்பு அதில் சேர்கின்றது?

2. தாமதத்திற்குக் காரணமல்லாத ஒருவரிடம் நாம் சினந்தது எப்போது? அவரிடம் பொறுத்தருளக் கேட்டோமா?

3. எந்தப் பொருள் வந்தபின் செய்வோம் என்று எந்த நற்செயலை நிறுத்தி வைத்திருக்கிறோம்?

இரண்டாம் வினாவிற்கு எம் மகன் விடை எழுதிவிட்டான். வண்டி எடுக்கச் சென்ற நாளில் அப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டான். மூன்றாம் வினாவிற்கு யாம் எழுதவேண்டிய விடையைக் கேட்பதற்கு அக்கா இல்லை. வாசகர் இல்லங்களில் அவ்விடை காலத்தே எழுதப்படுக.