துணைக் கட்டுரைகளும் நம் பிள்ளைகளும்



பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஆகஸ்ட் பிறந்தாலே பரபரப்புதான். 1ஆம் தேதி காமன் அப்ளிகேஷன் படிவம் திறக்கிறது. அதன் பொதுக் கட்டுரை 650 சொற்களுக்குள். எல்லாக் கல்லூரிக்கும் அது ஒன்றே. அதற்கு மேல் பல கல்லூரிகள் தனித்தனியே கேட்பவைதான் துணைக் கட்டுரைகள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வேறு படிவம்: 8 கேள்விகளில் 4ஐத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில். ஸ்டான்ஃபோர்டு, விடுதி அறையில் உடன் தங்கப்போகும் மாணவருக்கு எழுதச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது.

"ஏன் எங்கள் கல்லூரி?" என்ற கேள்வியில் பிள்ளைகள் அதிகம் வழுக்குகிறார்கள். "புகழ்பெற்ற பேராசிரியர்கள், அழகிய வளாகம்" என்று எழுதினால், பெயரை மட்டும் மாற்றி எங்கும் அனுப்பலாம். (மாற்ற மறந்து அனுப்புவோரும் உண்டு!) எந்தப் பாடம், எந்த ஆய்வுக்கூடம், தான் இதுவரை செய்த எதோடு அது சேர்கிறது என்று சொல்ல வேண்டும். பாடப் பட்டியலை உட்கார்ந்து படிக்காமல் இது வராது.

அடுத்தது, பின்னணி பற்றிய கேள்வி. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையைத் தடுத்தது; ஆனால் இனம் தன் வாழ்வை எப்படித் தொட்டது என்று மாணவர் எழுதுவதைத் தடுக்கவில்லை. அதன்பின் பல கல்லூரிகள் இத்தகைய கேள்வியைச் சேர்த்தன. நம் வீடுகளில் உடனே நினைவுக்கு வருவது, அப்பா இரண்டு பெட்டியோடு வந்திறங்கிய கதை. உருக்கமானதுதான், ஆனால் படிப்பவர் அப்பாவுக்கு அல்லவா இடம் கொடுப்பார்! "கோயில் தொண்டில் பணிவைக் கற்றேன்" என்பதும் போதாது. அன்னதானத்தில் சாம்பார் வாளி தூக்கும் பையன், பாதிப் பந்தியில் சாம்பார் தீரப்போவதைக் கண்டதும் என்ன செய்தான்? ஞாயிறு தமிழ் வகுப்பில் ழகரம் வராத சிறுவனுக்கு அந்தப் பெண் என்ன வழி கண்டாள்? அதை மட்டும் எழுதினாலே 250 சொற்கள் நிரம்பிவிடும்.

இப்படிக் கேட்பதுதான் நம் வேலை. பிள்ளை சொல்வதை அதன் சொற்களிலேயே ஒரு தாளில் குறித்துக் கொடுக்கலாம், எழுத்துப்பிழை பார்க்கலாம். நாமே எழுதிக் கொடுத்தால் ஐம்பது வயதுக் குரல் கேட்கும். மேலும், விண்ணப்பம் தன் சொந்த எழுத்து என்று பிள்ளைதான் உறுதி கூறிக் கையொப்பமிடுகிறது. செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன்னுடையதாகக் கொடுப்பதையும் காமன் அப்ளிகேஷன் மோசடியாகவே கருதுகிறது.

சிலசமயம் நமக்குப் பிடிக்காததையும் பிள்ளை எழுதும்: மதிய உணவுப் பெட்டியைத் திறக்கக் கூசியதை, தாத்தா வைத்த பெயரைச் சுருக்கிக்கொண்டதை. "இதையெல்லாம் வெளியில் சொல்வதா?" என்று நாம் பதறுவோம். அடிக்கச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் அந்தக் கட்டுரையில்தான் உயிர் இருக்கும். நமக்குக் காட்டப் பிள்ளை தயங்கினால், பள்ளி ஆசிரியர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.

முன்கூட்டிய சேர்க்கைக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். தீபாவளியும் அதையொட்டியே வரும். வீட்டில் கொலு ஏறுவதற்குள் முதல் வரைவுகள் முடிந்திருந்தால் நல்லது.