கொல்லைப்புறத்திற்கு வரும் பூனைகளைத் துன்புறுத்தாமல் தடுப்பது எப்படி?

தோட்டக் குடியிருப்பில் வாழும் நம் மக்களுக்கு வீட்டின் பின்புறமுள்ள சிறு நிலம் பெருந்துணையாகும். விடியற்காலையில் பால்வெட்டுக்குச் சென்று நண்பகலில் திரும்பும் பாட்டாளி, மாலைப் பொழுதில் கீரை, வெண்டை, கத்தரி, மிளகாய் முதலியவற்றைப் பயிரிட்டும், நாலைந்து கோழிகளை வளர்த்தும் குடும்பச் செலவைக் குறைத்துக்கொள்கிறார். அவ்வாறு பாடுபட்டு விதைத்த பாத்தியை அண்டை வீட்டுப் பூனை கிளறி மலங்கழித்துச் செல்வதையும், கோழிக்குஞ்சைக் கவ்விச் செல்வதையும் காணும்போது சினம் எழுவது இயல்பே. ஆயினும், சினத்தால் செய்யும் செயல் தொல்லையைத் தீர்ப்பதில்லை. பூனை வருவதற்குரிய காரணத்தை அகற்றுவதே நிலையான வழியாகும்.

பூனை ஏன் வருகிறது?

பூனையை நம் கொல்லைக்கு இழுப்பவை மூன்று. முதலாவது உணவு, இரண்டாவது மலங்கழித்து மூடுவதற்கேற்ற பொலபொலப்பான உலர்ந்த மண், மூன்றாவது குட்டி ஈனுவதற்கும் மழைக்கு ஒதுங்குவதற்கும் ஏற்ற மறைவிடம். இம்மூன்றும் இருக்கும்வரை, ஒரு பூனையைப் பிடித்துத் தொலைவில் விட்டாலும் அவ்விடத்திற்கு வேறொரு பூனை வந்து சேரும்.

நஞ்சு வைப்பது பெருந்தீங்கு

மீனில் நஞ்சு கலந்து வைப்போர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். நஞ்சுக்கு இன்னார் பூனை என்று தெரியாது. தவழும் குழந்தையின் கையிலும் அது அகப்படலாம். நம் கோழியும் நாயும் அதைத் தின்னலாம். மேலும், இது சட்டப்படி குற்றமாகும். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நஞ்சென்று அறியாமலே சிலர் பயன்படுத்தும் பொருள்களும் உண்டு. அந்துருண்டை, மண்ணெண்ணெய், தரை கழுவும் கிருமிநாசினி ஆகியவற்றைப் பாத்தியைச் சுற்றிப் போடுதல் கூடாது. பூனை தன் உடலையும் பாதங்களையும் நக்கித் தூய்மை செய்யும் பழக்கமுடையது. ஆதலால் காலில் ஒட்டியது வயிற்றுக்குள் செல்லும். கிருமிநாசினிகள் பலவற்றிலுள்ள பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மிளகாய்த் தூளும் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். மண்ணில் ஊற்றிய மண்ணெண்ணெய் நம் கீரையையும் கெடுக்கும்.

பாத்தியைக் காக்கும் முறைகள்

1. விதைத்தவுடன் கோழிக்கூண்டுக் கம்பிவலையைப் பாத்தியின்மேல் தட்டையாக விரித்து, ஓரங்களை மண்ணில் அழுத்திவிடுக. நாற்றுகள் கண்களின் ஊடே வளரும். பூனையால் மண்ணைத் தோண்ட இயலாது. தண்டு பருக்குமுன் வலையை எடுத்துவிடுக.

2. வலை இல்லாதோர், மூங்கில் குச்சிகளை ஒரு சாணுக்கும் குறைந்த இடைவெளியில் நெருக்கமாக நட்டு வைக்கலாம். பூனை திரும்பி உட்கார இடமின்றிப் போய்விடும். குச்சியின் மேல்முனை மழுங்கியிருத்தல் வேண்டும். கூர்முனை குழந்தைகளின் கண்ணுக்கும் ஆபத்தாகும்.

3. பூனை ஈரமண்ணை விரும்பாது. மாலையில் நீர் பாய்ச்சினால் இரவில் அதன் வருகை குறையும். செடிகளுக்கிடையே தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்புவதும் நன்று.

4. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களின் வாடையைப் பல பூனைகள் வெறுக்கின்றன. ஆனால் அவ்வாடை இரண்டொரு நாளில் மங்கிவிடும். ஆகவே இதை ஒரு துணைமுறையாக மட்டும் கொள்க.

ஓரிடத்தை அடைக்கும்போது மற்றோரிடத்தைக் காட்டுவதும் அறிவுடைமை. பூனை வளர்ப்போர் தம் வீட்டோரத்தில் மழை படாத மூலையில் உலர்ந்த மணல் நிரப்பிய பெட்டி ஒன்றை வைத்தால், பூனை பெரும்பாலும் அதையே நாடும்.

உணவும் மறைவிடமும்

மீன் கழுவிய நீரையும் குடலையும் கொல்லையில் எறிவது பூனைக்கு விருந்து வைப்பதாகும். கழிவை இறுகக் கட்டி, மூடியுள்ள தொட்டியில் இட்டு, மூடியின்மேல் கல்லொன்றை வைக்கவும். எலிகளும் இக்கழிவை நாடியே வருகின்றன. எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் இப்பழக்கம் இருவகையில் நன்மை தரும்.

கோழிக்குஞ்சுகளைத் தாயுடன் அரை அங்குலக் கண்ணுடைய வலையிட்ட கூண்டில் வளர்த்து, பொழுது சாயுமுன் கதவை அடைத்திடுக. வீட்டின் அடிப்புறச் சந்துகளைப் பலகையால் மூடுமுன், உள்ளே குட்டிகள் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். இருப்பின், அவை ஏறத்தாழ எட்டு வாரம் வளர்ந்து பால் மறக்கும்வரை பொறுத்திருப்பதே மனிதத்தன்மை.

கர்ப்பிணிகள் கவனத்திற்கு

சில பூனைகளின் மலத்தில் டோக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். அது கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கலாம். வெளிப்பட்ட ஒரு நாள் முதல் ஐந்து நாள்களுக்குப் பின்னரே அது தொற்றும் நிலையை அடைகிறது. எனவே, மலத்தை அன்றன்றே அகற்றிவிட வேண்டும். கர்ப்பிணிகள் அவ்வேலையைப் பிறரிடம் விடுதல் நன்று. தவிர்க்க இயலாவிடில் கையுறை அணிக. பாத்தியில் வேலை செய்தபின் யாவரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும், கீரையை நன்கு அலசிச் சமைத்தலும் கட்டாயம்.

அண்டை வீட்டாருடன் பேசுக

லயத்தில் வீடுகள் அடுத்தடுத்து இருப்பவை. பூனை போய்விடும், அண்டை வீட்டார் போகமாட்டார். “அக்கா, உங்கள் பூனை எங்கள் கீரைப் பாத்தியைக் கிளறுகிறது. அதற்கு ஒரு மணல் பெட்டி வைத்துவிட்டால் நமக்குள் மனத்தாங்கல் வராது” என்று தணிந்த குரலில் கூறினால் கேளாதார் எவர்?

பூனை வளர்ப்போரின் கடமையும் ஒன்றுண்டு. பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகக்கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும். ஓராண்டில் இருமுறைக்கு மேலும் ஈனலாம். ஆகவே கருத்தடை அறுவை செய்வித்தல் அவசியம். அதற்குரிய வசதியையும் கட்டணத்தையும் அருகிலுள்ள கால்நடைச் சேவை அலுவலகத்தில் விசாரித்து அறியலாம். லயத்தார் சிலர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும்.

இன்று மாலையே கழிவுத் தொட்டிக்கு ஒரு மூடியும், பாத்திக்கு ஒரு வலையும் தேடுவோம். கீரையும் தழைக்கும்; வாயில்லா உயிரும் பிழைக்கும்; அண்டை வீட்டு உறவும் நிலைக்கும்.